ஆங்கில வினைச்சொற்களின் வகைகளை எப்படிப் புரிந்துகொள்வது?

கானாடுகாத்தானில் ஒரு பழைய நகரத்தார் வீட்டைப் பார்க்க வரும் வெளிநாட்டுக்காரர்களுக்கு விளக்கம் சொல்லும் வேலையில் புதிதாகச் சேர்ந்திருக்கும் ஒரு தங்கை இந்தக் கேள்வியைக் கேட்டிருக்கிறார். டிரான்சிட்டிவ், இன்டிரான்சிட்டிவ், ஆக்சிலரி, மோடல், லிங்க்கிங், ஸ்டேட்டிவ், ரெகுலர், இர்ரெகுலர் என்று பள்ளிக்கூடத்தில் படித்த பெயர்கள் எல்லாம் நினைவிருக்கின்றன, ஆனால் வாயைத் திறந்தால் ஒன்றுகூட உதவிக்கு வருவதில்லை என்கிறார். தான் தினமும் சொல்லும் மூன்று வாக்கியங்களையும் எழுதியிருக்கிறார்:

'திஸ் ஹவுஸ் இஸ் ஹாவிங் மெனி ரூம்ஸ்.'
'தே டிட் நாட் பாட் தீஸ் பில்லர்ஸ் ஹியர், தே பிராட் ஃப்ரம் பர்மா.'
'த ஃப்ளோர் இஸ் லுக் வெரி பியூட்டிஃபுலி.'

இந்த மூன்றிலும் எங்கே பிசகு, ஏன் பிசகு என்று கேட்கிறார். காரைக்குடியில் 25 வருஷமாக வீட்டிலேயே ஆங்கிலம் சொல்லிக்கொடுத்து வருகிறேன். இதே மூன்று பிசகுகளைச் சொல்லாத மாணவர் ஒருவர்கூட என்னிடம் வந்ததில்லை. படிப்புக் குறைவால் வருவதல்ல இது. தமிழில் வினை எப்படி நடக்கிறதோ அப்படியே ஆங்கிலத்திலும் நடக்கும் என்று நம் வாய் எதிர்பார்க்கிறது. பல இடங்களில் அந்த எதிர்பார்ப்பு சரியாகவே இருக்கும், சில இடங்களில் காலை வாரிவிடும். எங்கே சரி, எங்கே இல்லை என்று பிரித்துப் பார்ப்பதுதான் வினை வகைகளைப் புரிந்துகொள்வதற்கு நான் அறிந்த நல்ல வழி.

முதலில் அந்தப் பட்டியலைப் பற்றி. எட்டு வகை என்றால் எட்டுப் பெட்டி, ஒவ்வொரு வினையும் ஏதோ ஒரு பெட்டிக்குள் கிடக்கும் என்று நினைத்துக்கொள்கிறோம். அப்படி இல்லை. ஒரே ஆள் ஒரு வீட்டுக்குப் பங்காளி, இன்னொரு வீட்டுக்கு மாப்பிள்ளை, மூன்றாவது வீட்டுக்குத் தாய்மாமன். யார் கேட்கிறார்கள் என்பதைப் பொறுத்து முறை மாறுகிறது. வினையும் அதுபோலத்தான். 'பிராட்' என்ற சொல்லை எடுத்துக்கொள்ளுங்கள். கடந்தகாலம் எப்படி ஆகிறது என்று கேட்டால் அது இர்ரெகுலர். பின்னால் ஒரு பொருள் வேண்டுமா என்று கேட்டால் டிரான்சிட்டிவ். சொந்த அர்த்தம் உள்ளதா, துணைக்கு நிற்பதா என்று கேட்டால் முதன்மை வினை. செயலா நிலையா என்று கேட்டால் செயல். நான்கு கேள்விக்கு நான்கு முறை. ஆகவே பெயர்களை மனப்பாடம் செய்யாதீர்கள், கேள்விகளைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

உங்கள் இரண்டாவது வாக்கியத்திலிருந்து தொடங்குகிறேன், அதில்தான் சரக்கு அதிகம்.

ரங்கூனிலும் பினாங்கிலும் கொழும்பிலும் நம் ஊர்க்காரர்கள் கடை வைத்திருந்த காலத்தில் மேலாள், அடுத்தாள், பெட்டியடிப் பையன் என்று வரிசை இருந்தது. உங்கள் வீட்டில் ஐயாவைக் கேட்டால் சொல்வார். ஆங்கில வாக்கியத்தில் முதன்மை வினைதான் மேலாள். வாங்குவதா, விற்பதா, கட்டுவதா என்ற பொருள் அதனிடம்தான் இருக்கிறது. ஆக்சிலரி என்கிற துணைவினை அடுத்தாள். அடுத்தாள் வந்து நின்றுவிட்டால் காலம் என்கிற பேரேடு அவர் கைக்குப் போய்விடும், மேலாள் அதைத் தொடமாட்டார். 'தே பாட்' என்றால் மேலாள் தனியாக இருக்கிறார், காலத்தையும் அவரே எழுதிக்கொள்கிறார். 'தே டிட் நாட்' என்று 'டிட்' வந்துவிட்டால் கடந்தகாலம் அங்கேயே பதிவாகிவிட்டது. அதற்குப் பிறகு 'பாட்' என்பது ஒரே பற்றை இரண்டு தடவை எழுதுவது, கணக்கு உதைக்கும். 'டிட் நாட் பை' என்பதுதான் சரி.

தமிழிலும் இதற்கு நெருங்கிய ஒன்று உண்டு. 'வாங்கினார்கள்' என்பதை மறுக்கும்போது 'வாங்கினார்கள் இல்லை' என்றா சொல்கிறோம்? 'வாங்கவில்லை' என்கிறோம். 'இல்லை' வந்தவுடன் முன்னால் நிற்கும் வினை தன் காலத்தையும் ஆளையும் உதறிவிட்டு 'வாங்க' என்று வெறுமனே நிற்கிறது. 'டிட் நாட்' வரும்போதெல்லாம் இந்த 'வாங்க'வை நினைத்துக்கொள்ளுங்கள். கேள்வியிலும் அதே கதைதான்: 'டிட் யூ சீ த ஹவுஸ்', 'டஸ் ஹி லிவ் ஹியர்'. 'ஹி' வந்தால் வினையில் ஒட்டும் 'ஸ்' ஏற்கனவே 'டஸ்' என்பதில் போய்ச் சேர்ந்துவிட்டதால் 'லிவ்ஸ்' என்று மறுபடி ஒட்டத் தேவையில்லை.

துணைக்கு வருகிறவர்களில் மூன்று பேர் முக்கியமானவர்கள்: 'பீ', 'ஹாவ்', 'டூ'. இவர்களே சில வாக்கியங்களில் தனித்து மேலாளாகவும் உட்காருவார்கள். 'வி ஹாவ் எ வெல்' என்றால் எங்களுக்குக் கிணறு இருக்கிறது. அங்கே 'ஹாவ்' முதன்மை வினை. 'வி ஹாவ் க்ளீன்ட் த வெல்' என்றால் 'ஹாவ்' துணை, 'க்ளீன்ட்' முதன்மை. சொல் ஒன்றுதான், உட்கார்ந்திருக்கும் இடம் வேறு. இரண்டு மூன்று துணைவினைகள் அடுக்கி வந்தாலும் பயப்படாதீர்கள், பேரேடு எப்போதும் வரிசையில் முதலில் நிற்பவர் கையில்தான். 'திஸ் ஹவுஸ் ஹாஸ் பீன் ஸ்டாண்டிங்' என்பதில் ஒருமைக்கும் காலத்துக்கும் மாறி நிற்பது 'ஹாஸ்' மட்டுமே.

இன்னொரு வகைத் துணைவினை மோடல். 'கேன், குட், மே, மைட், ஷல், ஷுட், வில், வுட், மஸ்ட்' என்று முக்கியமானவை 9 பேர். இவர்கள் கறாரானவர்கள். 'ஸ்' ஒட்டாது, 'இங்' ஒட்டாது, பின்னால் வரும் வினை வெறுமனேதான் வரும். ஒருவர் இருந்தால் இன்னொருவர் பக்கத்தில் நிற்கமாட்டார். தமிழில் 'முடியும்', 'வேண்டும்', 'கூடும்', 'வரலாம்' என்பதில் உள்ள 'லாம்' ஆகியவை செய்யும் வேலையை இவர்கள் செய்கிறார்கள், அதனால் பொருள் புரிவதில் சிரமம் இல்லை. மறுக்கும்போது மட்டும் எச்சரிக்கை வேண்டும். 'மஸ்ட் நாட்' என்றால் 'கூடாது'. 'டோன்ட் ஹாவ் டு' என்றால் 'வேண்டியதில்லை', விருப்பம் இருந்தால் செய்யலாம். சாமி வீட்டுக்குள் யாரும் போகக்கூடாது என்று சொல்ல நினைத்து 'யூ டோன்ட் ஹாவ் டு கோ இன்சைட்' என்று சொன்னால், பார்க்க வந்தவர் 'கட்டாயமில்லை போலிருக்கிறது, இருந்தாலும் போவோமே' என்று நுழைந்துவிடுவார். அவர்மேல் குற்றமில்லை. 'யூ மஸ்ட் நாட் கோ இன்சைட்' என்று கண்டிப்பாகவும், 'ப்ளீஸ்' சேர்த்து மரியாதையாகவும் சொல்லுங்கள்.

சரி, உங்கள் இரண்டாவது வாக்கியத்தில் இன்னொரு ஓட்டை இருக்கிறது. 'தே பிராட் ஃப்ரம் பர்மா.' எதைக் கொண்டுவந்தார்கள்? தமிழில் 'தூணை இங்கே வாங்கவில்லை, பர்மாவிலிருந்து கொண்டுவந்தார்கள்' என்று நிறுத்திவிடலாம். கேட்பவர் தூணைத் தானே நிரப்பிக்கொள்வார். செயப்படுபொருள் குன்றா வினை என்று நம் இலக்கணத்தில் பெயர் இருந்தாலும், பேச்சில் பொருளை விட்டுவிடும் உரிமை நமக்குத் தாராளமாக உண்டு. ஆங்கிலத்தில் பெரும்பாலான டிரான்சிட்டிவ் வினைகளுக்கு அந்த உரிமை இல்லை. 'தெம்' என்றாவது ஒரு சொல் வைத்தாக வேண்டும். 'பிடித்ததா?' என்று கேட்பதற்கு 'டிட் யூ லைக்' என்று நிறுத்தமுடியாது, 'டிட் யூ லைக் இட்' என்றுதான் கேட்கவேண்டும். 'ஐ என்ஜாய்ட்' என்பதும் அரைகுறையாகத் தொங்கும், 'ஐ என்ஜாய்ட் இட்' என்றால்தான் தரையில் நிற்கும். டிரான்சிட்டிவ் என்பதன் பயன் இவ்வளவுதான்: இந்த வினைக்குப் பின்னால் ஒரு நாற்காலி காலியாக இருக்கிறது, யாரையாவது உட்காரவைத்தாக வேண்டும்.

நாற்காலி இல்லாத இடத்தில் ஆளைக் கொண்டுவந்து உட்காரவைப்பதும் உண்டு. 'வெயிட் மீ' என்போம், 'வெயிட் ஃபார் மீ' என்பதே சரி. 'எனக்கு விளக்குங்கள்' என்பதை 'எக்ஸ்ப்ளெயின் மீ' என்போம், 'எக்ஸ்ப்ளெயின் இட் டு மீ' என்று சொல்லவேண்டும். ஆனால் 'ஷோ', 'கிவ்', 'டெல்', 'செண்ட்' போன்றவற்றுக்கு இரண்டு நாற்காலி உண்டு. 'ஐ வில் ஷோ யூ த கிச்சன்' என்பதில் 'யூ' ஒன்று, 'த கிச்சன்' ஒன்று. உங்கள் வேலையில் அதிகம் புழங்கப்போவது இந்த 'ஷோ'தான்.

இந்த இடத்தில் எனக்கு மிகவும் பிடித்த ஒரு சங்கதியைச் சொல்லவேண்டும். பால் காய்கிறது, ஆச்சி பால் காய்ச்சுகிறார். மாடு ஓடுகிறது, மாட்டை ஓட்டுகிறார்கள். நெய் உருகுகிறது, நெய்யை உருக்குகிறோம். சட்டி உடைந்தது, சட்டியை உடைத்தான். தானாக நடப்பதற்கு ஒரு வடிவம், இன்னொருவர் நடத்துவதற்கு வேறு வடிவம். சின்னக் குழந்தைகூட இதில் தடுமாறாது. ஆங்கிலத்தில் பெரும்பாலும் ஒரே வடிவம்தான்: 'த மில்க் பாயில்ட்', 'ஐ பாயில்ட் த மில்க்'. 'த பாட் ப்ரோக்', 'ஹி ப்ரோக் த பாட்'. காய்ந்ததா காய்ச்சினாரா என்பதை வினையின் உருவம் சொல்லாது, பின்னால் நாற்காலியில் ஆள் இருக்கிறாரா என்பதுதான் சொல்லும். ஆகவே ஒரு வினையைக் காட்டி 'இது டிரான்சிட்டிவா இன்டிரான்சிட்டிவா' என்று கேட்பதே பல நேரம் தவறான கேள்வி. இந்த வாக்கியத்தில் எது என்று கேட்டால்தான் பதில் உண்டு. தமிழிலும் அபூர்வமாக ஒரே உருவம் இரண்டுக்கும் வரும். கதவு திறந்தது, கதவைத் திறந்தேன். அந்தக் கதவை நினைவில் வைத்துக்கொண்டால் 'ஓபன்', 'பாயில்', 'ப்ரேக்', 'பர்ன்', 'மெல்ட்' எல்லாம் ஒரே சாவிக்குத் திறக்கும்.

காய், காய்ச்சு போல வடிவம் மாறும் ஜோடிகள் ஆங்கிலத்தில் சிலவே மிஞ்சியிருக்கின்றன. 'ரைஸ்' என்றால் எழு, 'ரெய்ஸ்' என்றால் எழுப்பு. 'ஃபால்' விழு, 'ஃபெல்' மரத்தை வீழ்த்து. 'லை' கிட, 'லே' கிடத்து. கடைசி ஜோடியில் ஆங்கிலேயர்களே தடுமாறுவார்கள், ஏனென்றால் 'லை' என்பதன் கடந்தகாலமும் 'லே'தான்.

தரையில் பதிக்கும் ஆத்தங்குடிக் கல் செய்யும் பட்டறைக்கு ஒரு தடவை போய்ப் பாருங்கள், உங்கள் விருந்தாளிகளையும் கூட்டிப் போங்கள். தரையில் ஒரு கண்ணாடித் துண்டு. அதன்மேல் பூ வேலைப்பாடு உள்ள உலோக அச்சைத் தொழிலாளி வைக்கிறார். அச்சின் ஒவ்வோர் அறையிலும் கலர் சிமென்ட்டைக் கரண்டியால் ஊற்றுகிறார். அச்சைத் தூக்கிவிட்டு, பின்பக்கம் மணலும் சிமென்ட்டும் போட்டு அமுக்குகிறார். அது இறுகுகிறது, பிறகு தண்ணீர்த் தொட்டியில் ஊறுகிறது, காய்கிறது. கண்ணாடி கழன்று வரும்போது முகம் பளபளக்கிறது. இதை ஆங்கிலத்தில் சொல்லிப்பாருங்கள். 'ஹி செட்ஸ் த மோல்ட் ஆன் த க்ளாஸ்' என்பதில் 'செட்' வைப்பது, பின்னால் 'மோல்ட்' உட்கார்ந்திருக்கிறது. 'த சிமென்ட் செட்ஸ்' என்பதில் அதே 'செட்' இறுகுவது, பின்னால் யாரும் இல்லை. 'ஹி போர்ஸ் த கலர்' என்றால் ஊற்றுகிறார். 'த டைல் ட்ரைஸ்' என்றால் காய்கிறது. மனிதன் கை வைக்கும் வினைகளுக்குப் பின்னால் பொருள் வருகிறது, சிமென்ட் தானாகச் செய்யும் வினைகளுக்குப் பின்னால் வருவதில்லை. ஒரு பக்கப் பாடத்தில் புரியாதது அந்தப் பட்டறையில் ஐந்து நிமிஷத்தில் புரிந்துவிடும் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

அடுத்து உங்கள் முதல் வாக்கியம், 'இஸ் ஹாவிங்'. தமிழ்நாடு முழுவதும் கேட்கும் வாக்கியம் இது. ஸ்டேட்டிவ், அதாவது நிலையைக் குறிக்கும் வினைகளுக்குப் பொதுவாக 'இங்' ஒட்டாது என்று விதி சொல்வார்கள், கூடவே ஒரு நீண்ட பட்டியலும் தருவார்கள். அந்தப் பட்டியலை நான் கொடுப்பதில்லை. அதற்குப் பதிலாகத் தமிழிலேயே ஒரு சோதனை இருக்கிறது. வினையோடு 'கொண்டிருக்கிறது' சேர்த்துப் பாருங்கள். 'மழை பெய்துகொண்டிருக்கிறது', நன்றாக இருக்கிறது, ஆகவே 'இட் இஸ் ரெய்னிங்'. 'எனக்குத் தெரிந்துகொண்டிருக்கிறது', 'எனக்குப் பிடித்துக்கொண்டிருக்கிறது', 'எனக்கு வேண்டிக்கொண்டிருக்கிறது' என்று யாராவது சொல்வார்களா? மாட்டார்கள். அதேபோல் 'ஐ ஆம் நோயிங்', 'ஐ ஆம் லைக்கிங்', 'ஐ ஆம் வான்ட்டிங்' என்பவையும் கூடாது. 'நோ', 'லைக்', 'வான்ட்' என்று நிறுத்துங்கள்.

இதில் இன்னும் ஆழமான ஒன்று இருக்கிறது. தெரியும், பிடிக்கும், வேண்டும் ஆகிய மூன்றுக்கும் தமிழில் 'நான்' வருவதில்லை, 'எனக்கு' வருகிறது. நான் செய்யும் செயல் அல்ல, எனக்கு நேரும் நிலை என்று தமிழ் எழுவாயிலேயே பிரித்துக் காட்டிவிடுகிறது. ஆங்கிலம் எல்லாவற்றுக்கும் 'ஐ' போட்டுவிட்டு, அந்த வித்தியாசத்தை 'இங்' ஒட்டுமா ஒட்டாதா என்பதில் காட்டுகிறது. 'எனக்கு' வரும் இடங்களில் நின்று ஒரு நொடி யோசியுங்கள், பாதிப் பிசகு அங்கேயே நின்றுவிடும். சோதனை நூற்றுக்கு நூறு பொருந்தும் என்று சொல்லமாட்டேன். 'நம்பிக்கொண்டிருக்கிறேன்' என்று தமிழில் சொல்கிறோம், ஆங்கிலத்தில் 'ஐ பிலீவ்' என்பதே வழக்கம். 'எனக்குப் பசிக்கிறது' என்பதற்கு ஆங்கிலத்தில் தனி வினையே வருவதில்லை, 'ஐ ஆம் ஹங்க்ரி' என்று வேறு பாதையில் போய்விடும்.

'ஹாவ்' விஷயத்துக்கு வருவோம். 'இந்த வீட்டில் நிறைய அறைகள் இருந்துகொண்டிருக்கின்றன' என்று நீங்கள் தமிழில் சொல்லமாட்டீர்கள். அதனால் 'ஹாஸ் மெனி ரூம்ஸ்'. ஆனால் 'வி ஆர் ஹாவிங் லன்ச்' சரியான வாக்கியம், ஏனென்றால் அங்கே 'ஹாவ்' உடைமை அல்ல, சாப்பிட்டுக்கொண்டிருப்பது. நிலையா செயலா என்பது சொல்லில் இல்லை, அந்த வாக்கியத்தில் அது தரும் பொருளில் இருக்கிறது. 'ஐ திங்க் இட் இஸ் டீக்' என்றால் என் கருத்து, 'ஐ ஆம் திங்க்கிங்' என்றால் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

மூன்றாவது வாக்கியம் லிங்க்கிங் வினை. 'இந்தத் தூண் தேக்கு.' தமிழில் வாக்கியம் முடிந்துவிட்டது, வினை இல்லாமலே. ஆங்கிலத்தில் நடுவில் ஒரு கொக்கி வேண்டும்: 'திஸ் பில்லர் இஸ் டீக்'. அந்தக் கொக்கிதான் லிங்க்கிங் வினை. இந்த 'இஸ்' விட்டுப்போகிறது என்று ஆசிரியர்கள் ஓயாமல் திருத்தியதால், பல பேர் பயந்துபோய் எல்லா இடத்திலும் 'இஸ்' போட ஆரம்பித்துவிடுகிறார்கள். உங்கள் 'இஸ் லுக்' அப்படி வந்ததாகவே தோன்றுகிறது. 'லுக்', 'ஸ்மெல்', 'டேஸ்ட்', 'ஃபீல்', 'சீம்', 'பிகம்' ஆகியவையும் கொக்கிகளே. ஒரு கொக்கி இருக்கும்போது இன்னொன்று எதற்கு?

கொக்கிக்குப் பின்னால் எப்படிப்பட்டது என்று சொல்லும் சொல் வரவேண்டும், எப்படிச் செய்தது என்று சொல்லும் சொல் அல்ல. தரை எதையும் செய்யவில்லை, அழகாக இருக்கிறது, அவ்வளவுதான். ஆகவே 'பியூட்டிஃபுல்'. தமிழில் 'அழகாக' என்ற ஒரே வடிவம் இரண்டு வேலைக்கும் வருவதால் ('அழகாக இருக்கிறது', 'அழகாகப் பாடினாள்') நமக்கு 'லி' சேர்க்கத் தோன்றுகிறது. சந்தேகம் வந்தால் அந்த வினையை எடுத்துவிட்டு 'இஸ்' வைத்துப் பாருங்கள். 'த குழம்பு டேஸ்ட்ஸ் குட்' என்பதில் 'இஸ் குட்' என்று மாற்றினாலும் நிற்கிறது, ஆகவே கொக்கி. 'ஆச்சி டேஸ்ட்ஸ் த குழம்பு' என்பதில் 'ஆச்சி இஸ் த குழம்பு' என்று மாற்றமுடியாது. அது கரண்டியை எடுத்து உள்ளங்கையில் ஒரு சொட்டு விட்டு உப்புப் பார்க்கும் செயல், டிரான்சிட்டிவ்.

ரெகுலர், இர்ரெகுலர் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. கடந்தகாலத்துக்கு 'எட்' சேர்ந்தால் ரெகுலர், வேறு எப்படி வந்தாலும் இர்ரெகுலர். அதிகம் புழங்கும் 'பீ, ஹாவ், டூ, சே, கோ, கெட், மேக், டேக், கம்' எல்லாம் இர்ரெகுலராக இருப்பது தற்செயல் அல்ல. தினமும் வாயில் புரளும் சொற்கள் பழைய வடிவத்தை விடாமல் வைத்துக்கொள்ளும். 'கோ' என்பதன் கடந்தகாலமான 'வென்ட்' முன்பு 'வெண்ட்' என்ற வேறொரு வினைக்குச் சொந்தமாக இருந்தது. இவற்றைப் பட்டியலாகப் படிக்காமல் வாக்கியமாகச் சொல்லிப் பழகுங்கள், வாய்ப்பாடு போல ஒட்டிக்கொள்ளும். ஃப்ரேசல் வினைகளையும் அப்படித்தான். 'பார்' வேறு, 'பார்த்துக்கொள்' வேறு என்று நமக்குத் தெரிவதுபோல 'லுக்' வேறு, 'லுக் ஆஃப்டர்' வேறு. 'லுக்', 'ஆஃப்டர்' இரண்டையும் சேர்த்து ஒரே சொல்லாக நினைத்தால் போதும்.

இனி உங்கள் மூன்று வாக்கியங்கள், நாளைக்கு வளவில், அதாவது வீட்டின் உள்முற்றத்தில், நின்று சொல்வதற்கு:

'திஸ் ஹவுஸ் ஹாஸ் மெனி ரூம்ஸ்.'
'தே டிட் நாட் பை தீஸ் பில்லர்ஸ் ஹியர், தே பிராட் தெம் ஃப்ரம் பர்மா.'
'த ஃப்ளோர் லுக்ஸ் வெரி பியூட்டிஃபுல்.'

'பர்மா' என்று கேட்டதும் யாராவது நிமிர்ந்து 'ஹவ் டிட் தே பிரிங் தெம்' என்று கேட்பார்கள். அப்போது 'தே பிராட் தெம் பை ஷிப்' என்று 'தெம்' விடாமல் சொல்லுங்கள். கேள்வியில் 'பிரிங்', உங்கள் பதிலில் 'பிராட்'. அவர் வாக்கியத்தில் அடுத்தாள் இருந்தார், உங்கள் வாக்கியத்தில் இல்லை.